காசிமேட்டிலிருந்து பரங்கிமலைக்கு, பெங்களூர் வழியாக

பரங்கிமலை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் தூரமில்லை. பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எனக்கு இரண்டரை வருஷம் பிடித்தது, அதுவும் பெங்களூரை இரண்டு தடவை சுற்றிக்கொண்டு.

அங்கேதான் ஓ.டி.ஏ. என்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் போதவில்லை என்று 1963இல் பயிற்சிப் பள்ளியாக ஆரம்பித்தார்கள். 1988இல் அகாடமி என்று பெயர் மாறியது. எங்கள் பக்கம் மிலிட்டரி என்றால் "ஓட்டம், ஹைட்டு, செஸ்ட்டு" என்பார்கள். அது சிப்பாய்க்கு ஆள் எடுப்பது. அதிகாரியாக வேறு வழி உண்டு என்பதே, லீவில் வந்திருந்த பக்கத்துத் தெரு ஹவில்தார் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்தும் சி.டி.எஸ். என்கிற ராணுவ அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வு. ஓ.டி.ஏ. மட்டும் போதும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு என்று தலா 100 மார்க்கில் இரண்டே தாள், கணக்கு கிடையாது. பழைய வினாத்தாளும் தினசரி ஆங்கிலப் பேப்பரும் போதுமாக இருந்தன. அதற்கப்புறம் வரும் எஸ்.எஸ்.பி. என்கிற நேர்முகத் தேர்வுதான் ஆளை உரிக்கும். பெங்களூரில், ஐந்து நாள்.

முதல் தடவை நான் முதல் நாளையே தாண்டவில்லை. மங்கலான படம் ஒன்றை 30 விநாடி காட்டி, நான்கு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வார்கள். நான் போன கோச்சிங் சென்டரில் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ரத்ததான முகாம் கதை கொடுத்திருந்தார்கள். படத்தில் இருந்தது ஏணியோ, பாலமோ. நான் ரத்ததானம் எழுதினேன். எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேரும் ரத்ததானம். பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். ஆளாளுக்குக் கத்துகிற இந்தக் கட்டத்துக்குத் தேர்வுக்குப் போகிற பசங்க வைத்திருக்கும் பெயர் 'ஃபிஷ் மார்க்கெட்'. எனக்குக் கோபமே வந்தது. விடிவதற்கு முன் காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்று பாருங்கள். சத்தம் இருக்கும், ஆனால் ஏலம் விடுகிறவர் குரலுக்கு மற்றவர்கள் காது கொடுப்பார்கள். இங்கே காது யாருக்கும் இல்லை. எனக்கும்தான். மத்தியானமே பஸ்ஸில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது தடவை கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். படத்தில் தெரிந்ததை எழுதினேன். உள்ளே எடுத்தார்கள்.

மறுநாள் மனோதத்துவத் தேர்வு. வார்த்தைக்கு 15 விநாடி வீதம் 60 வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அரை மணியில் 60 சூழ்நிலை, ஒவ்வொன்றிலும் என்ன செய்வாய் என்று எழுத வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுத நேரம் கிடையாது, அதனால் நாலு சொல்லில் முடித்தேன். இலக்கணம் சரியாக இருந்திருக்காது.

எதிர்காலப் போர் என்றால் ட்ரோன், சைபர், செயற்கை நுண்ணறிவு என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். மூன்று நிமிஷப் பேச்சுக்கு ட்ரோன் தலைப்பே கிடைத்தது, பேசினேன், அவ்வளவுதான். அந்த விஷயம் உண்மையில் வந்தது இன்டர்வியூவில், வேறு வாசல் வழியாக. நைனா விசைப்படகு டிரைவர் என்றதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நைனா காலத்துக்கும் இப்போதைக்கும் தொழிலில் என்ன மாறியது என்று கேட்டார். முன்பெல்லாம் கரையில் தெரியும் கட்டடங்களை வைத்து இடம் பிடிப்பார், இப்போது ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் என்றேன்.

"ஜி.பி.எஸ். நின்றுபோனால் தெரிந்துவிடும். நிற்காமல் தப்பாகக் காட்டினால்?"

"தெரியாது சார். நைனாவைக் கேட்கணும்."

"நீ அதிகாரியாகப் போன இடத்தில் நைனா இருக்க மாட்டாரே?"

"அங்கே ரொம்ப நாளாக இருக்கிற சுபேதாரைக் கேட்பேன் சார்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அன்று ராத்திரி போனில் நைனாவைக் கேட்டேன். "ஈயக்குண்டைக் கயித்துல கட்டி எறக்கிப் பாப்பேன்டா. மிசினு ஒண்ணு சொல்லி குண்டு ஒண்ணு சொல்லிச்சின்னா போட்ட நிறுத்திடுவேன். இதெல்லாமா கேக்குறாங்க?"

மைதானத்தில்தான் என் மானம் போனது. பலகை, கழி, கயிறு மூன்றையும் வைத்து, சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல் எல்லோரும் பாரத்தோடு கடக்க வேண்டும். அங்கே பலகைக்கு 'ஃபட்டா', கழிக்கு 'பல்லி'. பேச்சு முக்கால்வாசி இந்தி, எனக்குப் பாதிதான் புரியும். கயிறு என்றதும் பாய்ந்து போய் நான் கட்டினேன். படகில் கட்டுகிற முடிச்சு, விடிய விடிய அலை அடித்தாலும் அசையாது. எல்லோரும் தாண்டிவிட்டோம், அடுத்த தடைக்கு அதே பலகை வேண்டும், முடிச்சு அவிழவில்லை! பஞ்சாப் பையன் ஒருவன் பல்லால் கடித்துப் பார்த்தான். நேரம் போனது. அடுத்த தடையில் அவன் கட்டட்டும் என்று கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தேன். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். அன்று எனக்கு மார்க் போட்டது முடிச்சுக்கா, கயிற்றைக் கொடுத்ததற்கா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒவ்வொருவராக அழைத்தார்கள். சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். தேறியவர்கள் என்று வாசிக்கப்பட்ட செஸ்ட் நம்பர்களில், அதாவது நெஞ்சில் மாட்டியிருந்த எண்களில், என்னுடையதும் இருந்தது.

அப்புறம் மெடிக்கல். காதில் அழுக்கு என்று தற்காலிகமாக நிராகரித்தார்கள். கடலில் முங்கி வளர்ந்தவனுக்கு இது தேவைதான். ராயபுரத்தில் டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டு, 42 நாளுக்குள் அப்பீல் போர்டில் காட்டித் தேறினேன். அடுத்து மெரிட் லிஸ்ட்டுக்காகக் காத்திருந்தது தனிக் கதை. அதில் சொல்ல எதுவுமில்லை, நகம் கடித்ததைத் தவிர.

பயிற்சி 49 வாரம். சேருகிற அன்று பீச் ஸ்டேஷனில் பரங்கிமலைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். நைனாவும் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியின் தாழ்ப்பாள் சரியில்லை என்று அவரே கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். அகாடமியில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது, அதை அவிழ்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.