சோப்பு போகாத அத்தான்

அத்தான் பாத்ரூமுக்குள் போனது காலை ஏழேகாலுக்கு. வெளியே வந்தது எட்டு மணிக்கு. அதுவும் குளித்து முடித்து அல்ல, டேங்கில் தண்ணீர் தீர்ந்து. எங்கள் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டும். 45 நிமிஷம், 450 லிட்டர். டேங்க் 500. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. மோட்டார் போடலாம் என்றால், ராத்திரி காற்றில் ரப்பர் மரக்கொம்பு முறிந்து லைனில் விழுந்ததில் கரண்ட் இல்லை.

"மாப்ள, சோப்பு போகவே மாட்டேங்குதுப்பா" என்றார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் ஈரம், முகத்தில் பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி ஒரு தோரணை.

சோப்பு எப்போதோ போய்விட்டது. அதை அவருக்குப் புரியவைப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

அத்தானின் ஊரான இராமநாதபுரத்து போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கொட்டிக் கிடக்கும். சோப்பு அதோடு சேர்ந்ததும் நுரைக்கு முன்னால் வெள்ளையாக ஒரு பிசுக்குதான் திரளும். வாளி ஓரத்தில் வளையமாகப் படியுமே, அதே சரக்கு. அது தோலிலும் படியும். தேய்த்தால் கையை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பைத்தான் அங்கே சுத்தம் என்று எண்ணி ஒரு தலைமுறையே குளித்து வளர்ந்திருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பிசுக்குத் திரள ஆளில்லை. அலசியபிறகும் தோல் வழுவழு என்றுதான் இருக்கும். அதைப் போக்குகிறேன் என்று இன்னும் ஊற்றினாலும் வழுக்கத்தான் செய்யும், அவ்வளவுதான். கை நனைத்துச் சோப்புக் கட்டியில் ரெண்டு இழுப்பு இழுத்தால் உடம்பு முழுக்கப் போதும். அத்தான் ஊர்ப் பழக்கத்தில் கால்வாசிக் கட்டியைக் கரைத்திருக்கிறார். துணிக்கும் இதே கதைதான். அங்கே போடும் சோப்புத்தூளில் பாதி போட்டாலே நாலு தடவை அலச வேண்டிவரும்.

இதை அத்தான் நம்பவில்லை. ஆர்.ஓ. மெஷின் விற்கிற மனிதர் இல்லையா. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர். எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் முக்கினார். 34. அவர் வீட்டு போரில் 2,100 காட்டும் மீட்டர். உதறிவிட்டுத் திரும்ப முக்கினார். 34. "பேட்டரி போச்சு" என்றார். கடைக்குப் போய்ப் புது பட்டன் செல் ரெண்டு வாங்கி வந்தது யார் என்று சொல்ல வேண்டாம். செல் மாற்றியதும் 33.

அதற்குள் மழை வலுத்தது. அத்தான் துண்டோடு முற்றத்தில் இறங்கி, ஓட்டு இறவாரத்தில் கயிறு கயிறாகக் கொட்டிய தண்ணீரின் கீழே போய் நின்றார். 'இந்த சோப்புக்கு இன்றைக்கு ஒரு முடிவு' என்கிற நிற்பு. கிணற்றுத் தண்ணீராவது மண்ணில் இறங்கி ரெண்டு உப்பைக் கண்டது. மழைத்தண்ணீர் அதையும் காணாதது. இருந்த வழுக்கல் கொஞ்சமும் குறையவில்லை. அம்மா வாசலில் நின்று, அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்: "மக்களே, ஒரு நாரங்காயைப் பிழிஞ்சு குடு. நனைஞ்சு சன்னி பிடிச்சா உன் அக்கா நம்மளத்தான் சொல்லுவா." ஒரு வாளித் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம். புளிப்புப் பட்டதும் வழுக்கல் அடங்கியது. அத்தான் அறிவியலை ஒப்புக்கொள்ளவில்லை, நாரங்காயை ஒப்புக்கொண்டார்.

உண்மையில் இதெல்லாம் மழை போட்ட பிச்சை. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற மண். காலங்காலமாகக் கொட்டிய தண்ணீர் மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தை அலசிக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் தண்ணீர் இப்படி, மண்ணும் இப்படிப் புளிப்பு. ரப்பருக்கும், கைதச்சக்கை என்று நாங்கள் சொல்லும் அன்னாசிக்கும் அந்தப் புளிப்புப் பிடிக்கும். தென்னைக்காரர்தான் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கித் தடத்தில் போட வேண்டும். நல்லமிளகுக்கு இந்த மழை கல்யாணத் தரகர். பூத்திரியில் மேல்பூவின் மகரந்தத்தைக் கீழ்ப்பூவுக்கு இறக்கிவிடுவதில் சாரல் துளிக்குப் பெரிய பங்கு. பூத்த நேரத்தில் வெயில் தொடர்ந்தால் திரியில் நிறையப் பொக்கு. கொடி வைத்திருப்பவர் யாரும் ஜூனில் மழையைத் திட்ட மாட்டார்.

திட்டுகிறவர்கள் ரப்பர் பால்வெட்டுகாரர்கள். பட்டை நனைந்தால் பால் வெட்டின கோட்டில் நிற்காது, மரத்தோடு வழிந்துவிடும், சிரட்டையில் விழுந்ததும் மழைத்தண்ணீரோடு கலங்கிப் போகும். அதனால் மே கடைசிக்குள் வெட்டுக்கு மேலே பட்டையை வழவழப்பாகச் சுரண்டி, தார்ப்பசை தடவி, பிளாஸ்டிக்கை மடிப்பு மடிப்பாகப் பிடித்துப் பாவாடை மாதிரி கட்ட வேண்டும். பசையில் ஈர்க்குச்சி நுழையும் இடைவெளி இருந்தாலும் போச்சு. ஊரிலிருக்கும் மழை முழுக்க அந்த ஒரு வழியாகத்தான் இறங்கும்.

துணி விஷயத்தில் மட்டும் எங்களுக்கு வக்காலத்து இல்லை. மூன்று நாள் காயாத சாரத்துக்கு, அதாவது லுங்கிக்கு, ஒரு வாடை வரும். அது ஈரத்தின் வாடை அல்ல, காய நேரமாவதால் துணியில் பெருகும் கிருமியின் வாடை. கடைசி அலசலை நல்ல வெந்நீரில் போட்டு, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, ஃபேன் கீழே காயப்போட்டால் தப்பிக்கலாம். கரண்ட் இல்லாத அன்று என்ன செய்வது? அம்மா செய்ததைச் செய்யக்கூடாது. அத்தானின் வெள்ளைச் சட்டையை ரப்பர் ஷீட் தொங்கும் புகைப்புரையில், ஷீட்டோடு ஷீட்டாகத் தொங்கவிட்டாள். சாயங்காலம் மொறுமொறு என்று காய்ந்திருந்தது. தேன் நிறம். போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவரிடம் ஒருவர் ரொம்ப மரியாதையாக, ரப்பர் ஷீட்டைக் கேட்கிற மாதிரி, "என்ன கிரேடு?" என்று கேட்டிருக்கிறார்.

மத்தியானம் சிறுபயற்றம்பருப்பும் பப்படமும் நெய்யும். பப்படம் நமத்துப்போயிருந்தது, அதை விடுங்கள். பருப்பில்தான் அத்தான் விழுந்தார். கடினநீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். இங்கே ரெண்டு விசிலில் வெண்ணெய். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுப் பக்கம் போனார்.

இருட்டிய பிறகுதான் தெரிந்தது. இறவாரத்தில் ஒரு கேனை வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, மூடி இறுக்கி, தன் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஊரில் அவருடைய ஆத்தாவுக்குப் பல் போய் ரெண்டு வருஷம். பருப்புச் சோறுதான் ஆகாரம். வேகாத பருப்பை ஒதுக்கி ஒதுக்கிப் பாதியில் எழுந்துவிடுகிறாராம். இதை அக்காகூட எங்களிடம் சொன்னதில்லை.

அவர் எடுத்தது ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் கேன்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, அத்தான் தூங்கியபிறகு அண்டாவை முற்றத்தில் வைத்தாள். அரைமணி நேரம் பெய்து ஓட்டுத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப்போகக் காத்திருந்தாள். அண்டா வாயில் பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டிப் பிடித்தாள். அப்புறம் கொதிக்க வைத்து, ஆறவைத்து, குடிதண்ணீர் கேனில் 10 லிட்டர். கூடவே ஒரு கிலோ சிறுபயற்றம்பருப்பு. காலையில் அத்தான் கேன் மாறியிருப்பதைப் பார்த்தார், அவரும் பேசவில்லை. தேன் நிறச் சட்டையோடு பஸ் ஏறினார்.

நேற்று ராத்திரி போன். அவருடைய ஆத்தா வழக்கம்போல ஏழு விசில் விட்டிருக்கிறார். திறந்தால் பருப்பையே காணோம், மஞ்சள் தண்ணீர்தான். "சம்பந்தி வீட்ல உளுத்த பருப்பாப் பாத்துக் கட்டிக் குடுத்துட்டாக" என்று தெருவெல்லாம் பேச்சாம். அம்மா அதிலிருந்து குக்கரை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.