அக்டோபரில் தொடங்கிய இருமல்

பிப்ரவரி 24, 2025, திங்கள்

அம்மாவின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டை, சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பிரித்துவிட்டேன். இடது நுரையீரலின் மேல் பகுதியில் கட்டி. நெஞ்சுக்குள் வீங்கிய நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்), நுரையீரலைச் சுற்றி நீர். பயாப்ஸி (சதை எடுத்துச் சோதிப்பது) செய்யவும் என்று கடைசி வரி. அம்மா பக்கத்தில் நின்று தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தாள்.

முதலிலிருந்து எழுதி வைக்கிறேன், பின்னால் நானே குழம்பிவிடுவேன். அக்டோபர் 14 அன்று முதல் தடவை டாக்டரிடம் போனோம். அதற்கு முன்பே ஒரு மாத இருமல். ஏற்காட்டுக் குளிரில் யார்தான் இருமவில்லை என்று இருந்துவிட்டோம். சிரப், ஆன்டிபயாடிக், அப்புறம் எக்ஸ்ரே. மேல் பக்கம் வெள்ளையாக ஒரு நிழல். சளியை இரண்டு தடவை சோதித்தும் கிருமி இல்லை. இருந்தாலும் டிபி மாதிரிதான் தெரிகிறது என்று நவம்பர் நடுவில் மாத்திரை ஆரம்பித்தார்கள். உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் நம் நாட்டில்தான். இருமல், எடைக் குறைவு, மேலே நிழல் என்றால் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. இரண்டு மாதம் மாத்திரை போட்டும் எடை ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதில் அம்மாவுக்கு ஒரே நம்பிக்கை. "மருந்து வேலை செய்யுது கண்ணு, அழுக்கெல்லாம் வெளியே போவுது." அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் சாயம்.

மார்ச் 1, சனி

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் காற்று கசிகிறதா என்று பார்க்கச் சாயங்காலம் வரை படுக்க வைத்ததில் மலை பஸ் போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் என் அறையிலேயே அம்மா தூங்குகிறாள்.

ஜனவரியில் குரல் கம்மியது. காபிப் பழம் பறிக்கும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கூப்பிடுகிற குரல், போனில் வெறும் காற்றாக வந்தது. சளிதான், சுக்குக் கஷாயம் குடி என்றேன். டாக்டர் இன்று விளக்கினார். இடது குரல் நாணுக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறதாம். வழியில் நெறி அழுத்தினால் குரல் போகும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவளுக்கு அந்தப் பாதை உடனே புரிந்தது. வலப்பக்க நரம்பு அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை என்பதையும் கேட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

பறிப்பு முடியட்டும் என்று அம்மா ஸ்கேனைத் தள்ளிப்போட்டதும் இந்தக் கணக்கில் சேரும்.

பீடி பழக்கம் உண்டா என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் அம்மா சிரித்துவிட்டாள். நாற்பது வருட விறகடுப்புப் பற்றி ஒருவர்தான் கேட்டார்.

மார்ச் 12, புதன்

அடினோகார்சினோமா. நுரையீரல் புற்றுநோயில், புகை பிடிக்காத பெண்களுக்கும் அதிகம் வருகிற வகை. டிபிக்கான அடையாளமே இல்லை, அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதோடு முடியவில்லை. மரபணு மாற்றம் உண்டா என்று பார்த்தால்தான் மாத்திரையா கீமோவா என்று முடிவாகும். சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கிற 'பிளாக்'கை வாங்கி வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும். பிளாக் கொடுக்கிறவர் லீவு. மறுநாள் அவர் வந்தார், கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. நான் கணக்கெழுதும் கொலுசுப் பட்டறையில் வெள்ளிக்கு டச் (சுத்தம் எவ்வளவு என்று) பார்க்க ஐந்து நிமிடம். கட்டை விரல் அளவு மெழுகுக்கு மூன்று நாள் அலைந்தேன்.

மார்ச் 19, புதன்

லேபிலிருந்து தகவல் இல்லை.

அம்மா டிபி மாத்திரையை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்! நடுவில் விட்டால் கிருமி முரண்டு பிடிக்கும் என்று நர்ஸம்மா சொன்னது மனதில் அப்படியே நின்றுவிட்டது. நல்ல அறிவுரைதான், வேறு நோய்க்கு.

ஏப்ரல் 4, வெள்ளி

ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதனால் கீமோ இல்லை, மாத்திரைதான். ஜெஃபிடினிப், தினம் ஒரு மாத்திரை, இன்று முதல். ரிஃபாம்பிசின் உடம்பில் இருந்தால் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். நல்ல வேளை, அந்த டிபி மாத்திரை அட்டைகளைப் போன மாதமே பிடுங்கி வைத்துவிட்டேன்.

நான்காம் நிலை. ஆபரேஷன் பேச்சே இல்லை. அக்டோபரிலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "இப்போ ஆக வேண்டியதைப் பார்ப்போம்மா" என்றார்.

அக்டோபர் 14 முதல் இன்று வரை 172 நாள். ஸ்கேனுக்குப் பிறகு 39, ஸ்கேனுக்கு முன்னால் 133. இங்கிலாந்தில், புற்றுநோய் சந்தேகம் என்று அவசரமாக எழுதி அனுப்பியதிலிருந்து 62 நாளுக்குள் முதல் சிகிச்சை என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பலருக்குத் தவறுகிறது. எங்களுக்கும் அந்த 39 சரிதான். சந்தேகம் வருவதற்குத்தான் 133 நாள் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

முகத்தில் பரு மாதிரிக் கொப்புளம், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இந்த மருந்துக்கு இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தை நம்பியவர்கள் என்பதால் இதையும் மெதுவாகத்தான் நம்புகிறேன்.

மிச்ச டிபி அட்டைகளைச் சுகாதார நிலையத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று அம்மா பிடிவாதம். "நாம காசு போட்டா வாங்குனோம்? வேற யாருக்காச்சும் ஆவும்." நர்ஸம்மா வாங்கிக்கொண்டு சிகிச்சை அட்டையில் அம்மா பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். சத்தான சாப்பாட்டுக்கென்று டிபிகாரர்களுக்கு மாதம் 1000 ரூபாய்க் கணக்கில் அரசு கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்களா என்று அம்மா குரலே வராமல் விசாரித்தாள்.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. முட்டை வாங்கிச் சாப்பிடுங்க."

வரும் வழியில் ஆறு முட்டை வாங்கினோம்.