மூன்றாம் அங்கம், முதலாம் காட்சி

நமது ஆங்கில இலக்கிய சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. அஞ்சலி எழுதிய பலரும் அவருடைய கண்டிப்பையே நினைவுகூர்ந்திருந்தார்கள். என் நினைவில் நிற்பவர் கோடு கீறும் அடிமட்டம் பிடித்த சேர்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926 இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலை எழுதி, சேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ ஆக்கி நமக்குக் காட்டித் தந்தார் என்று சொல்லித்தான் சேர் எந்த நாடகத்தையும் தொடங்குவார். ‘ரோமியோ ஜூலியற்’ மூன்றாம் அங்கத்துக்கு வந்தபோது கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவிப் பக்கத்து யன்னல்கள் திறந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது. “வெரோனாவிலயும் இண்டைக்கு இதே வெயில்தான்” என்றார். வெயிலுக்கு இரத்தம் கொதிக்கும், வீட்டுக்குப் போவோம் என்று ரோமியோவின் உறவினன் பென்வோலியோ கெஞ்சுவதோடுதானே அந்தக் காட்சி தொடங்குகிறது.

மூன்று பேரைக் கரும்பலகையடியில் நிறுத்தினார். ஜூலியற்றின் உறவினன் டிபோல்ற்றுக்கும் ரோமியோவின் நண்பன் மேர்கூஷியோவுக்கும் வாளுக்குப் பதிலாக ஆளுக்கோர் அடிமட்டம். ரோமியோவான எனக்கு வெறுங்கை. “கைய இன்னும் கொஞ்சம் உசத்து மனே” என்றவர், டிபோல்ற்றின் மணிக்கட்டைப் பிடித்து, அடிமட்டத்தை என் கக்கத்துக்குக் கீழால் மெல்லச் செலுத்தினார். அது மேர்கூஷியோவின் இரண்டாம் பொத்தானில் முட்டி நின்றது. பொத்தானில் வெண்கட்டித் தூள்.

“பாருங்க, விலக்குப் பிடிக்கப் போன கைதான் கத்திக்கு மறைப்பு. இவ்வளவு நேரமும் தென்மோடிக் கூத்து மாதிரிக் காதல். இனி வடமோடிக் கூத்து மாதிரிப் போர்.”

பிறகு ஒரு கேள்வி கேட்டார். ரோமியோவுக்கும் ஜூலியற்றுக்கும் இரகசியமாகக் கலியாணம் முடிந்து ஒரு மணித்தியாலம்தான். டிபோல்ற் இப்போது அவனுக்குச் சொந்தக்காரன். அதை வாய்விட்டுச் சொன்னால் சண்டையே இல்லை. ஏன் சொல்லவில்லை? வகுப்பு பேசவில்லை. சேரும் விடை சொல்லவில்லை. இரு குடும்பங்களையும் சபித்தபடி மேர்கூஷியோ சாக, ஆத்திரத்தில் ரோமியோ டிபோல்ற்றைக் கொல்ல, ஊரைவிட்டே போ என்று பிரபு தீர்ப்புச் சொல்ல, மணி அடித்தது.

அன்று மேர்கூஷியோவாக நின்றவன், போர் மீண்டும் மூண்ட 1990 ஐத் தாண்டவில்லை. நம் வகுப்பாருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

புலம்பெயர்ந்து இங்கே வந்தபின் இந்த நாடகத்தை மேடையில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மாடத்துக் காதலுக்காகக் காத்திருக்க, நான் ரோமியோவின் கை எங்கே நீள்கிறது என்று பார்த்திருப்பேன். அந்தக் கை சரியாக விழாவிட்டால் பின்னால் வரும் நஞ்சும் கத்தியும் எனக்கு ஒட்டுவதில்லை.

நான் கொழும்புக்குப் பஸ் ஏறியபோது சேர் மூன்றாம் காட்சியைத் தொடங்கியிருக்கவில்லை. நாடுகடத்தல் சாவைவிடக் கொடிது, வெரோனா மதிலுக்கு வெளியே உலகமே இல்லை என்று ரோமியோ தரையில் விழுந்து அழும் காட்சி அது. அதை நான் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருந்த ஓர் அறையில் தனியே வாசித்தேன். ஒரு சொல்லும் மிகையாகப் படவில்லை.

பின்னொரு விடுமுறையில் கல்லடிப் பாலத்தடியில் சேரைக் கண்டேன். சுகம் விசாரித்தார், பிள்ளைகளைக் கேட்டார். அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று நெஞ்சுவரை வந்தது.

அந்த வருடம் வகுப்பில் தொடர்ந்து இருந்தவர்களிடம் சேர் சொல்லி எழுதிய கொப்பி இருந்தால், மூன்றாம் காட்சிக்குரிய பக்கங்களை மட்டுமாவது படம் எடுத்து அனுப்புங்கள்.