அம்மாவின் ஆடிச்சுற்று

சங்கரன்கோவில்காரர்களுக்குத் தீபாவளியெல்லாம் இரண்டாம் பட்சம்தான். பெரிய திருநாள் என்றால் ஆடித்தபசு, எங்கள் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றதைக் கொண்டாடும் ஆடி மாதத் திருவிழா. கொடியேறும் முன்பே எங்கள் வீட்டில் பாய்களைத் தட்டி வெயிலில் போட்டுவிடுவார்கள். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து சித்தப்பா, அத்தை, அத்தையின் கொழுந்தனார் குடும்பம், எந்த வழியில் சொந்தம் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடாத ஒரு தாத்தா என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தபசன்று பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை வேறு. கேட்கவா வேண்டும்?

அத்தை கையில் ஒரு துணி முடிச்சு இருக்கும். அந்த வருஷம் காட்டில் எடுத்த முதல் பருத்தியில் ஒரு பிடியும் கொஞ்சம் வத்தலும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த முடிச்சு சந்தைக்குப் போகாது, அம்மனுக்கு என்று வைத்தது. அம்மாவுக்கு மாவிளக்கு வேலை. பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து, வெல்லம் போட்டுப் பிசைவாள். நாங்கள் கையை நீட்டினால் கரண்டிக்காம்பு விழும். சாமிக்கு ஏற்றி இறக்கிய பிறகு கிடைக்கும் அந்த ஒரு உருண்டைக்கு, திரி எரிந்து கருகிய இடத்துக்குத்தான் சண்டையே.

இந்த வருஷம் நான் போனது அம்மாவின் நேர்த்திக்கடனுக்காக. என் மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பாக வந்து மாதக்கணக்கில் தூங்கவிடாமல் படுத்திவிட்டது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பு ஒரு பக்கம், அம்மா பொட்டலம் கட்டி அனுப்பிய கோயில் புற்றுமண் ஒரு பக்கம். எது கேட்டது என்று என் கணவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். எனக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. டாக்டரைக் கண்ணில் காட்டியதும் அம்மன்தானே! அம்மாவோ யாரிடமும் சொல்லாமல் 108 ஆடிச்சுற்று, அதாவது கோயில் பிரகாரத்தை 108 முறை சுற்றி வருவதாக, வேண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இரண்டு படி இறங்கவே சுவரைப் பிடிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு!

பொதிகை ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால், ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு மதுரைக்கே திரும்பிப் போயிருக்கலாம். கோயில் வாசலில் ஒருவர், "வரிசையில நிக்க வேண்டாம்க்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். அம்மனையே ஒற்றைக் காலில் காக்க வைத்த ஊரில் எனக்குக் குறுக்கு வழி எதற்கு? போங்கள் ஐயா என்றுவிட்டேன்.

அம்மா கொடியேறிய நாளிலிருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுருக்குப்பையில் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை இடது கைக்கு மாறும். சின்ன வயதில் நாங்கள் இதே பிரகாரத்தில் யார் முதலில் வருவது என்று பந்தயம் கட்டி ஓடியிருக்கிறோம். கொட்டையைக் கூட்டத்தில் சிதறவிட்டு, கணக்குத் தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம். கால் வலித்ததாக நினைவே இல்லை.

அன்றைக்கு அம்மா ஒரு தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, மூச்சு வாங்குகிறது. எதிரே வருகிற கூட்டம் இடித்துக்கொண்டே போகிறது. ஒருத்தராவது ஒதுங்க வேண்டுமே! "மிச்சத்த நான் சுத்துறேம்மா, நீ உட்காரு. யாரு சுத்துனா என்ன?" என்று பையைக் கேட்டேன். அம்மா கொடுக்கவில்லை.

"ஏட்டி, அவ ஒத்தக் கால்ல நிக்கா. அந்த வலியில கொஞ்சத்த நாம வாங்கிக்கிடத்தான சுத்துதோம்? வலிக்காமச் சுத்த முடிஞ்சா இந்தச் சுத்து எதுக்கு?"

இந்த ஐதீகத்தைச் சிறு பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் முட்டியைத் தடவிக்கொண்டே அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அரியும் சிவனும் ஒன்றென்று உலகத்துக்குக் காட்டச் சொல்லி அம்மன் தவம் நின்றாள். அவளுக்கும் கால் வலிக்கும் என்று இந்த ஊர் நினைத்துப் பார்த்ததே, அதைச் சொல்லுங்கள்! பேசாமல் அம்மாவின் கையை என் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தேன். கடைசிக் கொட்டை கை மாறியதும் நேராக அம்மன் சன்னதிக்குப் போனோம். தீபாராதனை நேரம். நான் என்ன வேண்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுதேன், அவ்வளவுதான். பிள்ளை ராத்திரி சொறியாமல் தூங்குகிறான் தாயே, அது போதும் தாயே.

தபசன்று சாயங்காலம் தெற்கு ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. அந்தக் காலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து எல்லாம் தெரியும். இப்போது தோள் உயரத்துக்கு மேலே வரிசையாக செல்போன். இருந்தாலும், ரிஷப வாகனத்தில் சுவாமி, பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணராக வந்து நின்று, அம்மன் அவரைச் சுற்றி வந்த நேரத்தில் ஒரு இடுக்கு கிடைத்தது. பார்த்துவிட்டேன்! பருத்தி பறக்கிறது, நெல் விழுகிறது, வத்தல் நெடியில் ஊரே தும்முகிறது. அத்தை இப்போது இல்லை. அவள் மருமகள் அதே போல் ஒரு முடிச்சு கொண்டுவந்து என் கையில் பாதியைக் கொடுத்தாள். எறிந்தேன்.

ராத்திரி யானை வாகனக் காட்சியும் பார்த்துத்தான் வருவேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். வீட்டுக்கு வந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது மெதுவாகச் சொல்கிறாள்: "பெரிய பேத்திக்கு வேல கெடச்சா அடுத்த தபசுக்கு 501 வேண்டியிருக்கேன்."

கோமதித் தாயே, பிள்ளைக்கு நல்ல வேலையாகக் கொடு. அந்த 501-இல் பாதியை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள். அம்மாவிடம் சொல்லிவிடாதே.