மேசைகளைச் சுவரோரம் அடுக்கிய அறை

போன கோடையில் ஒஸ்லோவில் மகனின் பள்ளிக்கூடத்தில் ஓர் இரவு காவல் இருந்தேன். நோர்வே கப் உதைபந்தாட்டத்துக்கு வெளியூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கூடங்களில்தான் தங்குவார்கள். பெற்றோர் முறைவைத்து, சம்பளமில்லாமல் உதவுவோம். அதற்கு 'டுக்னாட்' என்று பெயர். வந்த புதிதில், மொழி வகுப்பைவிட அதுதான் எனக்கு அயலவரைப் பழக்கித் தந்தது.

பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்தேன். மேசைகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக. தரை முழுக்க மெத்தைகள், பைகள். ஜன்னலில் ஈரத் துவாய்கள். பலகையில் யாரோ எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை.

2006இல், இலங்கைப் போரின்போது மூதூர் கிழக்கிலிருந்து ஓடி, வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்களும் மேசைகளை இப்படித்தான் அடுக்கினோம். எங்களுக்கு அது சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கிணறு, மலசலகூடம், கூரை, பெரிய வளவு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பள்ளிக்கூடத்தில்தானே. "பள்ளிக்கூடத்துக்கு அடிக்க மாட்டாங்கள்" என்று அம்மா வேறு உறுதியாக நம்பினார்.

நவம்பர் 8ஆம் தேதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்தன. அங்கே இருந்ததும் எங்களைப் போல இடம்பெயர்ந்த சனம்தான். 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். புலிகள் அந்தப் பகுதியிலிருந்து தாக்கியதால் திருப்பி அடித்தோம் என்றது இராணுவம். நேரில் போன போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள், முகாமுக்குள் படைநிலை எதையும் காணவில்லை என்றார்கள். அன்றிரவு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மாரி மழை. கூரை இருக்க, பங்கர் ஓரமாக நனைந்தபடி கிடந்தோம்.

இதே ஒஸ்லோவில் 2015 மே மாதம் பாதுகாப்பான பாடசாலைகள் பிரகடனம் வெளியானது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. சட்டமாகக் கட்டுப்படுத்தாத வெறும் உறுதிமொழிதான், சரி. ஆனாலும் அதில் ஒன்றை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்: பள்ளிக்கூடத்தைப் படைத் தேவைக்குப் பயன்படுத்துவதையே தவிர்க்கச் சொல்கிறது. துவக்கோடு ஒருவர் உள்ளே வந்தாலே, அடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்குப் பலியாவது தரையில் படுத்திருக்கும் சனம். எந்தப் பக்கத்து ஆயுதமும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

அந்த அறையைப் படமெடுத்து, வாழைச்சேனையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"எங்க அடிச்சவங்கள்? சனத்துக்கு என்ன?"

"அம்மா, பந்து விளையாட வந்த பிள்ளைகள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்தக் கதவுக்குக் கிட்ட ஒருத்தரையும் படுக்க விடாத" என்றார்.

பிள்ளைகள் திரும்பி வருவதற்கு முன் கதவோரம் கிடந்த இரண்டு மெத்தைகளையும் உள்ளே இழுத்துப் போட்டேன்.