ஒபாமாகேர் சண்டையும் 62,600 டாலர் கோடும்

2010 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை (ஒபாமாகேர்) 'அரசாங்க மருத்துவம்' என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அதன் காப்பீட்டுச் சந்தையில் விற்பவை தனியார் பாலிசிகள். எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற யோசனையை 1989-லேயே முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி அமைப்பு. 2006-ல் மாசசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. எனவே 'சந்தைமுறைச் சீர்திருத்தம்' என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நோயாளியின் செலவு இதில் யார் தலையில் விழுகிறது?

ஒபாமாகேர் சட்டப்படி, ஏற்கெனவே நோய் இருப்பதைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் யாரையும் மறுக்கக்கூடாது. முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. இந்த இரண்டு விதிகள் மட்டும் இருந்தால், திடமாக இருப்பவர் நோய் வரும்வரை காத்திருப்பார், பிரீமியம் ஏறிக்கொண்டே போகும். அவரை உள்ளே இழுக்க அபராதமும் மானியமும் வைத்தார்கள். 2017 டிசம்பர் வரிச் சட்டம் அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. அப்படியும் சந்தை சரியவில்லை. மானியம்தான் அதைத் தாங்கியது.

மானியக் கணக்கு இதுதான். சிகிச்சைச் செலவை ஏற்கும் அளவைப் பொறுத்து பாலிசிகள் ப்ரோன்ஸ், சில்வர், கோல்ட் என ஏறும். உங்கள் பகுதியில், உங்கள் வயதுக்கு, இரண்டாவது மலிவான சில்வர் பாலிசியின் பிரீமியத்தை எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து உங்கள் வருமானத்தில் ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். மீதியை அரசு கட்டும். பிரீமியம் ஏறினால் மானியமும் கூடவே ஏறும்.

இதைக் கவனிக்காமல் சந்தையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 அக்டோபர் நல்ல சாட்சி. குறைந்த வருமானக்காரர்களின் டிடக்டிபிளை (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நோயாளி தானே கட்டும் தொகையை) குறைக்க நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தை டிரம்ப் அரசு நிறுத்தியது. நிறுவனங்களோ அந்தச் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் சில்வர் பாலிசியின் மேல் மட்டும் ஏற்றின. சில்வர் விலை ஏறியதும் மானியம் வீங்கியது. அந்த மானியத்தை வைத்துப் பலருக்கு ப்ரோன்ஸ் பாலிசி இலவசமாகவே கிடைத்தது. கோல்ட் விலை சில்வருக்குக் கீழே போன பகுதிகளும் உண்டு. மிச்சம் பிடிக்கப் போய் அரசின் மானியச் செலவு கூடியது. ஆகவே பாலிசி தேடும்போது கோல்டையும் பார்க்காமல் விடாதீர்கள். வருமானம் வறுமைக்கோட்டில் இரண்டு மடங்குக்குள் இருந்தால் மட்டும் சில்வரை விட்டு நகரவேண்டாம்: அந்த வருமானத்துக்கு அதுவே 87 அல்லது 94 சதவீதச் செலவை ஏற்கும் பாலிசியாக மாறிவிடும்.

இப்போதைய சண்டைக்கு வருவோம். 2021-ல் வந்து, 2022-ல் நீட்டிக்கப்பட்ட கூடுதல் மானியத்தின்படி, அந்த இரண்டாவது மலிவான சில்வர் பாலிசிக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்டத் தேவை இருக்கவில்லை. 2025 முடிவோடு அது காலாவதியானது. வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் மானியமே இல்லை என்ற பழைய வரம்பு திரும்பியது. தனிநபருக்கு 2026-ல் அந்த நான்கு மடங்குக் கோடு 62,600 டாலர்.

அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு அந்த சில்வர் பாலிசி மாதம் 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 14,400. வருமானம் 62,000 என்றால் 9.96 சதவீதம், அதாவது சுமார் 6,175 டாலர் கட்டுவார். 63,000 என்றால் முழு 14,400-ம் அவர் தலையில். ஆயிரம் டாலர் கூடச் சம்பாதித்ததற்கு எட்டாயிரத்துக்கு மேல் இழப்பு. பழைய 8.5 சதவீத விதி இருந்திருந்தால் அதே 63,000-க்கு 5,355 டாலரோடு முடிந்திருக்கும்.

இந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரில் பங்கு விற்றவர்கள், ஓய்வூதியக் கணக்கை ராத்துக்கு (முன்பே வரி கட்டிய பணத்தைப் போடும் கணக்குக்கு) மாற்றியவர்கள். அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியில் வரி விழாத பகுதியும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூடுதலாக வாங்கிய மானியத்தை வரித்தாக்கலில் படிவம் 8962 பிடுங்கிக்கொள்ளும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் திருப்பிக் கட்டும் தொகையில் இருந்த உச்சவரம்பையும் 2025 ஜூலைச் சட்டம் 2026 வரியாண்டு முதல் எடுத்துவிட்டது. வழி ஒன்று உண்டு: வரிவிலக்கு கிடைக்கும் பாரம்பரிய ஐ.ஆர்.ஏ.விலோ (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) எச்.எஸ்.ஏ.விலோ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பணம் போட்டால் வருமானம் கோட்டுக்குக் கீழே இறங்கலாம். அடுத்த ஏப்ரல் தாக்கல் நாள்வரை போட்டாலும் கணக்கில் வரும். ராத் ஐ.ஆர்.ஏ. இதற்கு உதவாது. ப்ரோன்ஸ் பாலிசிகள் எல்லாம் எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி பெற்றது 2026 முதல்தான்.

மானியத்தை நிறுவனத்துக்குக் கொடுக்காமல் மக்கள் கையில் கொடுப்போம் என்பது குடியரசுக் கட்சியின் பதில். செனட்டர்கள் கிரேப்போ, கேசிடி மசோதாவில் ஐம்பது வயதுக்குக் கீழ் 1,000 டாலர், அதற்கு மேல் 1,500 டாலர், எச்.எஸ்.ஏ.வில் போடுவார்கள். 2025 டிசம்பரில் அது செனட்டில் தோற்றது. மானியத்தை மூன்றாண்டு நீட்டிக்கும் ஜனநாயகக் கட்சி மசோதாவும் அதே நாளில் தோற்றது. பணம் நேராக மக்களிடம் போகட்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் எச்.எஸ்.ஏ. பணத்தில் பொதுவாக பிரீமியம் கட்ட முடியாது. ப்ரோன்ஸ் பாலிசியில் ஏழாயிரம் டாலருக்கு மேல் டிடக்டிபிள் இருப்பது சாதாரணம்; 2026-ல் ஒருவர் கைக்காசு 10,600 டாலர்வரை போகலாம். ஆண்டுக்கு இரண்டுமுறை மருத்துவரைப் பார்ப்பவருக்கு அந்த 1,500 லாபம். கீமோதெரபியில் இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு பிப்ரவரிக்குள் தீர்ந்துவிடும். மாத பிரீமியம் 1,200 டாலர் அப்படியே நிற்கும்.