குரூப் 4: ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்ட கேள்விக்கு ஒரு விளையாட்டு

ரிசல்ட் வந்ததிலிருந்து எல்லோரும் கட் ஆஃப், எத்தனை புத்தகம், எந்த கோச்சிங் என்றே பேசுகிறார்கள். தாண்டிப் போய்விட்டுத் திரும்ப மறந்த கேள்வியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு கேள்வி 1.5 மார்க். ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான ‘இ’ (E) வட்டத்தையும் கருக்காமல் காலியாக விட்டால் அதற்குப் பிடித்தம் வேறு. இதைவிடக் கொடுமை, 63-ஐத் தாண்டிவிட்டு 64-இன் விடையை 63-ஆம் வரிசையில் கருப்பது. கருப்பு மை பேனா, அழிக்க வழியில்லை.

பாடத்தை நினைவில் வைப்பது ஒரு திறமை. செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வது வேறு திறமை. செல்போன் மூளை விளையாட்டுகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் சோதிக்கின்றன. இரண்டாவதைச் சோதிக்க ரெண்டெல், கிரெய்க் என்ற உளவியலாளர்கள் 2000-இல் ‘வர்ச்சுவல் வீக்’ என்ற பலகை விளையாட்டை வெளியிட்டார்கள். பகடை உருட்டிப் பலகையை ஒரு சுற்று வந்தால் ஒரு நாள் கணக்கு. போகிற போக்கில் மாத்திரை போடுவது மாதிரியான வேலைகளை மறக்காமல் சொல்ல வேண்டும். நமக்குப் பலகை வேண்டாம், பழைய வினாத்தாள் போதும்.

இரண்டு பேர் வேண்டும். 50 கேள்வி, 45 நிமிடம் (200-க்கு 180 நிமிடம் என்ற அதே வேகம்). சுவர்க் கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிராளி ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வேலை எழுதித் தருவார்:

- ‘தவறானது எது’ என்ற கேள்வி வரும்போதெல்லாம் விடைக்கு முன் ஓரத்தில் ஒரு புள்ளி.
- 20-ஆம் நிமிடத்தில் டம்ளரைக் கவிழ்த்து வை. ஒரு நிமிடம் முன்பின் பரவாயில்லை.
- 37-ஐ முடித்ததும் 12-க்குத் திரும்பு.

ஒரு முறை படித்ததும் சீட்டை மடித்துக் கொடுத்துவிட வேண்டும். உடனே ஆரம்பிக்காதீர்கள், ஐந்து நிமிடம் வேறு பேச்சு பேசுங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் இது வெறும் மனப்பாடம். நேரத்தில் செய்தால் 2, தாமதமாக ஞாபகம் வந்தால் 1, மறந்தால் 0, செய்ததையே மறுபடி செய்தால் -1.

அநேகமாக டம்ளரில்தான் தோற்பீர்கள். புள்ளிக்கும் 37-க்கும் தாளே ஞாபகப்படுத்துகிறது; 20-ஆம் நிமிடத்தைக் கண்ணுக்குக் காட்ட எதுவும் இல்லை. நீங்கள் எத்தனை முறை திரும்பிக் கடிகாரம் பார்த்தீர்கள் என்று எதிராளி குறிக்கட்டும். முதல் 10 நிமிடம் இரண்டு தடவை, 17-க்கு மேல் அடிக்கடி என்றால் சரியான பழக்கம். ஆரம்பத்திலேயே ஓயாமல் திரும்பினால் கணக்குதான் தப்பாகும். அலாரம் மட்டும் வைக்காதீர்கள், ஹாலில் அது கிடையாது.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் தர்மபுரி–கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஆடலாம். ‘காரிமங்கலம் வந்ததும் 5-ஆவது கணக்கு’ என்று வைத்தால் கண்டக்டர் குரலே காட்டிக் கொடுத்துவிடும். காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைப் பாலத்தை வையுங்கள். அதை யாரும் கூவ மாட்டார்கள். பாலம் தாண்டிய பிறகு ஞாபகம் வந்தால் 1 தான்.

ஹாலுக்கு இதிலிருந்து ஒன்றே ஒன்றைக் கொண்டுபோனால் போதும்: ‘அப்புறம்’ என்று எதையும் விடாதீர்கள், ‘100 முடிந்ததும்’ என்று விடுங்கள். தமிழ்ப் பகுதி முடிகிற இடம் அது, கண்ணில் படாமல் போகாது. மற்ற நிறுத்தங்கள் 50, 150, 200. தாண்டும் கேள்வியின் எண்ணை வினாத்தொகுப்பின் கடைசியில் ரஃப் ஒர்க் இடத்தில் எழுதுங்கள். விடைத்தாளில் ஒரு புள்ளிகூட வேண்டாம். திரும்பி வந்து விடை போட்டதும் அந்த எண்ணை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் 150-இல் அதே கேள்வியை மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள். நிறுத்தத்தில் இரண்டாம் முறையும் விடை வரவில்லையா, ‘இ’-யைக் கருத்துவிட்டு நகருங்கள். மூன்றாம் முறை யோசித்துக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.